பெயர்கள் ஓடி முடியும்வரை

ஆவூர் ஆரோக்கியம்மாள் டீச்சர் இறந்திருக்க வேண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு. அவர் இறந்தது அன்று மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு. இடைப்பட்ட நேரம் முழுக்க அவர் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எட்டுத் தடவை படம் நின்றது. எட்டுத் தடவையும் டீச்சருக்கு மூச்சு நின்றது, படம் வந்ததும் மூச்சும் வந்தது. இதற்கு நாற்பத்தோரு பேர் சாட்சி. அவர்களில் இரண்டு பேர் அரசு ஊழியர்கள், ஒருவர் பங்குச் சாமியார், ஒருவர் வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி விடுகிறவர். நம்பாதவர்களை நம்பவைக்கிற வேலை நமக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

படத்தின் நீளம் பதிமூன்று மணி இருபது நிமிடம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் பிரான்சில் யாரோ ஒருவர் எடுத்தது. ஓர் ஆற்றங்கரை ஊர், பாலம் பழுதாகிக் கிடக்கிறது, அக்கரையிலிருந்து படகு வருமென்று ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஒரே ஒரு முறை திரையிட்டார்கள், பாதிக்கு மேல் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் படச்சுருள்கள் ஒரு நிலவறையில் கிடந்து பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. பிறகு ஒரு சின்ன நிறுவனம் அதை எடுத்து, ஒவ்வொரு படச்சட்டமாகப் பிரித்து, கழுவி, கீறல் நீக்கி, வெளுத்த நிறத்தை மறுபடி ஏற்றியது. மொத்தம் பதினொன்றரை லட்சம் சட்டங்கள், ஆறு வருட வேலை. வீட்டில் போட்டுப் பார்க்க எட்டு டிஸ்க்காகச் செங்கல் கனத்தில் ஒரு பெட்டியும் வெளியிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு ஆங்கில வசனவரிகளை எழுதியது ஆவூரில், மாதா கோயிலுக்கு வடக்கே மூன்றாவது வீட்டில் இருந்துகொண்டு, டீச்சரின் மகள் ஷர்லி.

ஷர்லி திருச்சியில் பிரெஞ்சு படித்தவர். சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக இந்த வேலை வந்தது. பதினோரு மாதம் காதில் ஹெட்போனும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தார். டீச்சருக்கு இது வேலையாகவே தெரியவில்லை. யாராவது கேட்டால், "எம் மக வீட்டுல ஒக்காந்து சினிமா பாக்குறா, அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க, கலிகாலம்" என்பார். முப்பத்துநாலு வருடம் ஆரம்பப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்றவருக்கு, நின்றுகொண்டு செய்யாத எதுவும் வேலை இல்லை. மகனும் மகளும் அவர் வகுப்பிலேயே படித்தார்கள். பெயர் கூப்பிடும்போது இருவரும் மற்ற பிள்ளைகளைப் போல "உள்ளேன் டீச்சர்" என்றுதான் சொல்ல வேண்டும், அம்மா என்று வாய் தவறினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டிலும் அவர் டீச்சராகவே இருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் படம் ஓடுகிற அறையில் எதுவும் கெடுவதில்லை என்பதை ஷர்லி மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார். காலையில் வைத்த டீ சாயங்காலம் படத்தை நிறுத்தும்வரை சூடாக இருந்தது. தலையில் வைத்த மல்லிகை வாடவில்லை. ஒருநாள், கால்நடை மருத்துவர் கைவிட்ட ஆட்டுக்குட்டி ஒன்றை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். படம் ஓடிய நாலு மணி நேரமும் அது மூச்சு விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி கிடந்தது. ஷர்லி லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட எழுந்தார், குட்டி செத்துப்போனது. அவர் அம்மாவிடம் சொன்னார். "ஆமா, இனிமே ஆடு மாட்டுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பதிலா தியேட்டர் கட்டச் சொல்லு" என்றார் டீச்சர். ஒரு கணத்தையும் அழுகவிடக் கூடாதென்று பதினொன்றரை லட்சம் தடவை கை வைத்துக் காப்பாற்றிய படம், தன் முன்னால் இருப்பவர்களை மட்டும் எப்படி அழுகவிடும் என்று பிற்பாடு பங்குச் சாமியார் ஒரு விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

பெட்டி கூரியரில் வந்த அன்றைக்கு ஷர்லி அதை அம்மாவிடம் காட்டி, கடைசியில் தன் பெயர் வரும் என்றார். அந்தப் பெயரிலும் ஒரு கூத்து. பிரெஞ்சுக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடவில்லை. நம் பக்கத்தில் ஏது குடும்பப் பெயர்? ஷர்லி யோசித்துப் பார்த்துவிட்டு அம்மா பெயரைப் போட்டுவிட்டார். அதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர், "கடைசில வர்ற பேர எவ படிக்கப் போறா, எல்லாரும் எந்திரிச்சுப் போயிருப்பாக" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஷர்லிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

டீச்சரின் நினைப்பெல்லாம் மகன் மேல். பிரசாந்த் ஆறு வருடத்துக்கு முன்னால் தான் விரும்பிய சுகுணா என்ற பெண்ணைக் கட்டுவேன் என்றான். வேற்று மதம் என்று டீச்சர் ஒரே பிடியாக நின்றார். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. "நீ செத்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் கத்தாருக்கு விமானம் ஏறினான். வாரம் தவறாமல் தங்கையிடம் பேசுவான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பான், போனை அம்மாவிடம் கொடு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. டீச்சர் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவராகவும் கேட்கமாட்டார். தாய்க்கும் பிள்ளைக்கும் வீம்பில் ஒரு மாற்றுக் குறைவில்லை.

சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியது ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முதன்முறையாக வாயைத் திறந்து, "அவன் மொகத்த ஒருக்காப் பாத்துட்டா போதும்டி" என்றார். ஷர்லி போன் செய்தார். பிரசாந்த், "வாரேன்" என்றான். செவ்வாய் பிற்பகல் மூன்று நாற்பதுக்குத் திருச்சியில் இறங்குகிற விமானம்தான் கிடைத்தது. திங்கள் சாயங்காலம் சாமியார் வந்து, எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் கொடுத்தார், நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்து விடியலைத் தாண்டாது என்றார்.

காலை ஐந்து மணிக்கு டீச்சருக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் செவந்தி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஷர்லி பீரோவைத் திறந்து, முதல் டிஸ்க்கை எடுத்து டிவியில் போட்டார். இப்படி ஒரு நேரத்தில் இந்தப் பிள்ளைக்குச் சினிமா கேட்கிறதா என்று செவந்திக்கு மனம் பதறியது. திரையில் விடிகிற வெளிச்சத்தில் ஓர் ஆறு வந்தது. கழுவித் துடைத்த ஆறு, ஐம்பது வருடத்துப் பனி அதன்மேல் அப்போதுதான் இறங்கினமாதிரி நின்றது. டீச்சரின் மூச்சு சமமானது. கண்ணைத் திறந்து, "எந்த ஊரு இது, காவேரி கணக்கா இருக்கு" என்றார். செவந்தி பிடித்திருந்த கையில் சூடு திரும்பியது. தனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

ஒரு டிஸ்க் ஒரு மணி நாற்பது நிமிடம். முதல் டிஸ்க் முடிந்து இரண்டாவதைப் போட்டதும் படம் வரவில்லை. நகலெடுத்தால் இன்ன தண்டனை என்று ஆறு மொழியில் எச்சரிக்கை வந்தது, எந்த பட்டனை அழுத்தினாலும் நகரவில்லை. டீச்சர் மூச்சை நிறுத்திவிட்டார். ஷர்லி ரிமோட்டைப் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தபோது செவந்தி "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார். அவர் இந்துதான். முப்பது வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு, பிறவிக் கிறிஸ்தவர்களைவிடத் தெளிவாகச் சொல்வார். ஏழாவது மரியே முடிகிறபோது திரையில் ஒரு பெண் வாளியோடு வந்தாள், டீச்சர் மூச்சு விட்டார். அதிலிருந்து ஊருக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. டிஸ்க் மாற்ற ஏழு மரியே. விஷயம் பரவி, எட்டு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஜெபமாலை இருந்தது, யாரும் சத்தம் போடவில்லை. பெரிய வெள்ளி, உயிர்ப்புக் காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தை மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிய ஊர், நீளமான விஷயங்களுக்கு அஞ்சாது.

இதற்கிடையில் விராலிமலைப் பக்கமிருந்து நாகராசு வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலி, பந்தல், ஃப்ரீசர் பெட்டி, எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். பிள்ளை வெளிநாட்டில் என்றால், பெரியவருக்கு இழுக்கத் தொடங்கியதுமே பெட்டிக்குச் சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். விமானம் வரும்வரை உடம்பு கெடக் கூடாது அல்லவா. யாரோ ஒரு புண்ணியவான் அவசரப்பட்டுக் காலை ஆறு மணிக்கே போன் போட்டுவிட்டார். நாகராசு பெட்டியை இரண்டு பேரை வைத்து இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், யாருக்காகக் கொண்டுவந்தாரோ அவர் தலையணையில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர், சொன்னவுக தப்பாச் சொல்லிட்டாக" என்று நாகராசு நெளிந்தார். அவரும் மூன்றாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவர்தான். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்தது வந்துட்ட, ஒக்காரு. படத்த மறைக்காம ஒக்காரு" என்றார். நாகராசு தரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தது. அத்தனை பேர் படித்திருந்தும் அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். மணி ஒன்பது அடித்ததும் திரை கறுத்தது. டீச்சரின் தலை சாய்ந்தது. ஷர்லி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவன் இன்னும் பிளேன்லகூட ஏறலம்மா" என்று அழுதார். செவந்தி மரியே சொல்லத் தொடங்க, கூடம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. நாகராசு எழுந்து வெளியே ஓடினார். பெட்டியை ஓட்டுவதற்கென்று கொண்டுவந்த ஜெனரேட்டர் வேனிலேயே இருந்தது. அதை இறக்கி, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, கயிற்றைச் சுண்டினார். முதல் இழுப்பில் அது ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. நான்காவது இழுப்பில் பிடித்தது. டிவி வந்தது, ஆறு மொழி எச்சரிக்கை மறுபடி முதலிலிருந்து வந்தது, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது, ஷர்லி ஆம் என்று அழுத்தினார். இருபத்தாறாவது மரியேயில் ஆறு வந்தது. டீச்சர் நீளமாக ஒரு மூச்சை இழுத்து, "என்னடா டீசல் நாத்தம்" என்றார். நாகராசு வாசல்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் ஓடிய பகலை என்னவென்று சொல்ல. படத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரன் இருபத்தெட்டு நிமிடம் மாவு பிசைந்தான், பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி ஆற்றில் கம்பளி துவைத்தாள், அதைப் பிழிய ஆள் இல்லாமல் தனியாகப் பிழிந்தபோது கூடத்தில் மூன்று பேர் தங்களை அறியாமல் கையை நீட்டினார்கள். நாகராசு ஒருமுறை மெல்ல, "கதை எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். "ஆரம்பிச்சு ஆறு மணி நேரம் ஆச்சுங்க" என்றார் ஷர்லி. நாகராசு தலையாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். யாருக்கும் பசிக்கவில்லை, தாகமில்லை. போன்களில் சார்ஜ் ஒரு புள்ளி இறங்கவில்லை. கைக்குழந்தை ஒன்று மடியில் விழித்தபடியே கிடந்தது, ஒரு தடவைகூட அழவில்லை. வெளியே வெயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அடுப்பில் வைத்துவிட்டு வந்த சோறு ஏழெட்டு வீட்டில் கருகிப் போனது. உள்ளே ஒரே காலையாக இருந்தது. நேரம் என்பது இவ்வளவு பெரியதா என்று சாமியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஷர்லிக்கு மட்டும் உள்ளே ஒரு வலி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடம் ஊசி போட்டு, கால் பிடித்து, சோறு ஊட்டியது அவர். அம்மாவின் கண் ஒவ்வொரு டிஸ்க் முடியும்போதும் வாசலுக்குப் போவது அண்ணனுக்காக. தான் பதினோரு மாதம் எழுதிய வரிகள் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை அம்மா ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணாடி இல்லாமல் டீச்சருக்கு அந்த எழுத்து தெரியாது என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

ஐந்தே காலுக்கு, எட்டாவது டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரசாந்த் வந்து நின்றான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. கட்டில் பக்கம் போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை, பையைக்கூட இறக்கவில்லை. டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆறு வருடம் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அடியில என்னமோ எழுத்து ஓடுது, எனக்குத் தெரியல. வந்து படிச்சுச் சொல்லு" என்றார். அவன் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தங்கை எழுதிய ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தான். திரையில் படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. படகிலிருந்து இறங்கியவனிடம் ஒரு கிழவி ஏதோ கேட்டாள்.

"ஏன் இம்புட்டு நேரம்னு கேக்குறாங்க" என்றான் பிரசாந்த்.

"அதுக்கு அவன் என்ன சொல்றான்?"

அவனால் சட்டென்று படிக்க முடியவில்லை. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆறு பெருகியிருந்துச்சாம்" என்றான்.

"பெருகுனா வத்துறதுக்கு நேரமாகத்தான் செய்யும்" என்றார் டீச்சர். அவன் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

படம் முடிகிற நேரம் வந்தது. பிரசாந்த் பதறிப்போய், "ஷர்லி, மொத டிஸ்க்க எடு, மறுபடி போடு" என்றான். ஷர்லியும் எடுத்துவிட்டார். டீச்சர் கையை உயர்த்தினார். வகுப்பில் இரைச்சலை நிறுத்த உயர்த்துகிற அதே கை. "பாத்த பாடத்தையே எத்தன தடவ நடத்துறது. போதும்" என்றார். திரை இருண்டு, பெயர்கள் ஏற ஆரம்பித்தன. பழக்க தோஷத்தில் பின்வரிசை எழுந்தது. "ஒக்காருங்க எல்லாரும். பேரு கூப்புட்டு முடியல" என்ற குரலில் எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். நடித்தவர்கள், ஒளி பிடித்தவர்கள், பூஞ்சையைக் கழுவியவர்கள், கீறலைத் துடைத்தவர்கள். வாயில் நுழையாத பெயர்களைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி நிறுத்தினார். வருகைப் பதிவேட்டில் முப்பத்துநாலு வருடம் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். நாலு நிமிடம் அப்படிப் போனது. கடைசி வரி வந்தது.

"ஷர்லி" என்று வாசித்தார் டீச்சர், திரும்பி மகளைப் பார்த்தார்.

ஷர்லி எழுந்து நின்றார். "உள்ளேன் டீச்சர்."

டீச்சரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஆவூரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் திரைக்குத் திரும்பி, அதே வரியில் மிச்சமிருந்த பெயரை, "ஆரோக்கியம்மாள்" என்று வாசித்தார். ஒரு நொடி நிறுத்தினார். அதற்குப் பதில் வரவில்லை.

மணி ஆறு ஐம்பத்திரண்டு. நாகராசு ஜெனரேட்டரை நிறுத்தவில்லை, ஒயரை டிவியிலிருந்து பிடுங்கி ஃப்ரீசர் பெட்டியில் சொருகினார். கரண்ட் ஐந்து மணிக்கே வந்துவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பிரசாந்த் பதினாறாம் நாள் காரியம்வரை இருந்துவிட்டுத்தான் கத்தாருக்குத் திரும்பினான். இப்போது வருடத்துக்கு ஒருமுறை வருகிறான்.

அந்தப் படம் இதுவரை பத்தொன்பது வீடுகளில் ஓடியிருக்கிறது. கொடும்பாளூரில் ஒரு வீட்டில் பிள்ளை அமெரிக்காவிலிருந்து வர நேரமானதால் இரண்டு தடவை ஓட்டினார்கள். மீமிசலில் கடலுக்குப் போன அண்ணன் தம்பிகள் கரையேறும்வரை ஓடியது. வெளிநாட்டுப் பிள்ளை உள்ள வீடுகளில் இப்போதெல்லாம் முதல் போன் ஷர்லிக்கு, இரண்டாவது போன் நாகராசுக்கு. மின்தடை எந்தத் தேதி என்று பேப்பரைப் பார்த்துக் குறித்து வைப்பது செவந்தியின் பொறுப்பு. எல்லா வீட்டிலும் பெயர்கள் ஓடி முடியும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. கடைசி வரி வந்ததும் ஷர்லி எழுந்து நின்று "உள்ளேன்" என்கிறார். அதே வரியின் இரண்டாவது பெயருக்கு, வந்திருப்பவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், சேர்ந்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நாகராசு வேனிலிருந்து ஃப்ரீசர் பெட்டியை இறக்குகிறார்.